வயிற்றுக் கிருமியும் மாரடைப்பும்: புரோபயாட்டிக் குப்பி காப்பாற்றுமா?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் கிளீவ்லேண்ட் கிளினிக். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு தன்னார்வலர். முன்னால் கெட்டியாக வேகவைத்த இரண்டு முட்டைகள், மஞ்சள் கருவோடு. பக்கத்தில் ஒரு கேப்ஸ்யூல். முட்டையைத் தின்று கேப்ஸ்யூலையும் விழுங்கியாயிற்று. அதன்பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தம் எடுக்கிறார்கள், நாள் முழுவதற்கும் சிறுநீரைச் சேர்க்கிறார்கள். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் என்ற சத்தைத்தான், தனியாக அடையாளம் தெரியும்படி செய்து அந்த கேப்ஸ்யூலில் அடைத்திருந்தார்கள். அது உடம்புக்குள் எந்த வழியாகப் போய் என்னவாக மாறுகிறது என்று துரத்திப் பார்ப்பதுதான் நோக்கம்.

சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஒரு பொருள் ஏறியது. பெயர் டி.எம்.ஏ.ஓ. பிறகு சிலருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மறுபடி அதே இரண்டு முட்டை, அதே கேப்ஸ்யூல். இந்த முறை டி.எம்.ஏ.ஓ. அநேகமாகத் தென்படவே இல்லை. மருந்தை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் விட்டு மூன்றாம் முறை கொடுத்தபோது திரும்பவும் வந்து நின்றது. ஆளும் முட்டையும் மாறவில்லை. நடுவில் செத்து மறுபடி பெருகியவை குடல் கிருமிகள் மட்டுமே.

2013-ல் இந்த முடிவு வெளியானபோது கூடவே இன்னொரு கணக்கும் வந்தது. ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 4,007 நோயாளிகளை மூன்று வருடம் கவனித்திருந்தார்கள். ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகிய ஆபத்துகள் சுமார் இரண்டரை மடங்கு. மாரடைப்புக்குக் காரணம் தேடி இதயத்தையும் ரத்தக்குழாயையும் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ உலகம் பெருங்குடல் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

அந்தச் செய்தி நம்மூர் வரை வந்துவிட்டது, கொஞ்சம் உருமாறி. சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். இன்சுலின் மட்டும் இருந்த ஃபிரிட்ஜில் இப்போது விரல் நீளப் புரோபயாட்டிக் குப்பிகளும் அடுக்கியிருக்கின்றன. அறுபதைத் தாண்டிய ஒருவர் வாட்ஸ்அப்பைக் காட்டிக் கேட்கிறார்: "ஸ்டென்ட் வெச்சிருக்கு. இந்த கேப்ஸ்யூல் சாப்பிட்டா அடைப்பு வராதாமே?" கடைக்காரர், "டாக்டர் எழுதிக் குடுத்தாரா சார்?" என்கிறார். இல்லை என்று தலையாட்டல். "அப்ப ஒரு அட்டை மட்டும் எடுத்துக்கோங்க" என்று கத்தரித்துக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் எழுதியிருந்தால் எத்தனை அட்டை என்று கேட்கத் தோன்றியது. குடல் கிருமிக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது ஒன்று. புரோபயாட்டிக் என்று கடையில் விற்கும் உயிருள்ள கிருமி இதயத்தைக் காப்பாற்றும் என்பது வேறு. முதலாவதற்கு ஆதாரம் குவிந்துகொண்டே போகிறது. இரண்டாவதற்கு இருப்பதை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம்.

மீன் வாடையிலிருந்து ரத்தக்கட்டி வரை

முட்டை, ஈரல், ஆட்டுக்கறி, மாட்டுக்கறி இவற்றில் இருக்கும் கோலின், கார்னிடின் ஆகிய சத்துகளைக் குடல் கிருமிகளில் சில வகைகள் உடைக்கின்றன. அப்போது வரும் வாயு டி.எம்.ஏ. அழுகத் தொடங்கிய மீனில் அடிக்கிறதே ஒரு வாடை, அது இதுதான். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போனதும் அது டி.எம்.ஏ.ஓ.வாக மாறி ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. கல்லீரலில் இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாதவர்களுக்கு வியர்வையிலும் மூச்சிலும் மீன் வாடை வீசும். அதற்கென்றே தனி நோய்ப் பெயர் இருக்கிறது.

கிளீவ்லேண்டில் இந்த ஆய்வுகளை நடத்திவருபவர் டாக்டர் ஸ்டான்லி ஹேஸன். அவருடைய குழு 2011-ல் எலிகளுக்குக் கோலினை அதிகமாகக் கொடுத்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு கூடியது. 2016-ல் அடுத்த துப்பு கிடைத்தது: டி.எம்.ஏ.ஓ. ரத்தத் தட்டணுக்களை உசுப்பிவிடுகிறது. காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் அதே தட்டணுக்கள், தேவையில்லாத இடத்தில் கூடினால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் கூடினால் பக்கவாதம். 2017-ல் 18 பேருக்குக் கோலின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சைவர்களும் இருந்தார்கள். ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. பத்து மடங்குக்கு மேல் ஏறியது, தட்டணுக்களின் ஒட்டும் தன்மையும் கூடியது. ஜிம்முக்குப் போகிறவர்கள் கார்னிடின், கோலின் டப்பாக்களை வாங்குகிறார்களே, அவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது.

முட்டைக்கு விடுதலை

இதைப் படித்துவிட்டு காலை ஆம்லெட்டைத் தள்ளிவைக்க வேண்டாம். அதே கிளீவ்லேண்ட் குழு 2021-ல் இன்னொரு சோதனையை வெளியிட்டது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஆட்களுக்கு நாலு வாரம், தினம் நாலு முட்டை. வேறு சிலருக்குக் கோலின் மாத்திரை. மாத்திரைக்காரர்களுக்கு டி.எம்.ஏ.ஓ. ஏறியது, முட்டைக்காரர்களுக்கு வெறும் வயிற்றில் எடுத்த அளவு ஏறவில்லை. முட்டையில் கோலின் இருப்பது லெசித்தின் என்ற வேறு வடிவத்தில், அது பெருமளவு சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. கிருமிக் கூட்டம் குடியிருக்கும் பெருங்குடலுக்குப் போவது கொஞ்சம்தான். பழி சுமத்திய குழுவே விடுதலையும் எழுதிக் கொடுத்தது என்பது அறிவியலுக்கே உரிய அழகு. வாட்ஸ்அப்பில் அந்த இரண்டாவது தாள் சுற்றுவதே இல்லை.

சிவப்புக் கறிக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. 113 பேரை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2018-ல் வந்தது. ஒரு மாதம் சிவப்புக் கறி தின்றபோது டி.எம்.ஏ.ஓ. சுமார் மூன்று மடங்கானது. கோழிக்கறிக்கோ சைவப் புரதத்துக்கோ மாறிய ஒரு மாதத்துக்குள் இறங்கிவிட்டது. இதற்கும் முன்னால் 2013-ல் நீண்ட நாள் சைவர் ஒருவரைச் சம்மதிக்க வைத்து மாட்டுக்கறி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கறியை எப்போதும் தின்கிறவருக்கு எகிறிய டி.எம்.ஏ.ஓ. அவருக்கு அசையவே இல்லை. கறியைப் பார்த்தே இராத குடலில் அதை உடைக்கும் கிருமிகளும் பெருகியிருக்கவில்லை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கடல் மீனில் டி.எம்.ஏ.ஓ. இயற்கையாகவே நிறைய. மீன் குழம்பு சாப்பிட்ட அன்று ரத்தத்தில் அது எகிறும். ஆனால் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் குறைவு என்பது எத்தனையோ நாடுகளில் பார்த்த விஷயம். அப்படியானால் டி.எம்.ஏ.ஓ. குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்றிருந்த ஆளா? சிறுநீரகம் பழுதானாலே அது ரத்தத்தில் தேங்கும். பரம்பரை மரபணுக்களை வைத்து 2019-ல் வந்த ஓர் ஆய்வு, டி.எம்.ஏ.ஓ. இதய நோயைக் கொண்டுவருவதாகத் தெரியவில்லை, சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும்தான் அதை ஏற்றுகின்றன என்ற பக்கம் சாய்ந்தது. நம் ஊரில் சர்க்கரையும் சிறுநீரகமும் இதயமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வருகின்றன. அதனால் இந்தச் சந்தேகம் நமக்குச் சின்ன விஷயமில்லை.

[பெட்டிச் செய்தி]
38 லட்சம் கோடி
ஒரு சராசரி ஆணின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான கணக்கு சொல்கிறது. மொத்த எடை சுமார் 200 கிராம். மனித செல்களைவிடப் பத்து மடங்கு, இரண்டு கிலோ எடை என்று பல புத்தகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணக்கு தவறு.
65 மி.லி. யாகுல்ட் குப்பி ஒன்றில் இருப்பதாகச் சொல்லப்படுவது 650 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு ஒப்பிட்டால் அது ஆறாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்.

பக்கவாத வார்டில்

பக்கவாதம் வந்தவரின் குடலைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நாலு நாளாக மோஷன் போகவில்லை என்றால் எனிமா கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் மூளையில் அடி விழுந்த சில மணி நேரத்துக்குள் குடலின் சுவரும் தளர்கிறது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு 2016-ல் காட்டியது இதைத்தான். பக்கவாதம் வரவழைத்த எலிகளின் நுரையீரலில் தொற்றை உண்டாக்கிய கிருமிகள் சிறுகுடலிலிருந்து கிளம்பிப் போனவை. குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அந்தத் தொற்று வரவில்லை. மனிதர்களிடமும் பார்த்தார்கள். பக்கவாதத்துக்குப் பின் தொற்று வந்தவர்களிடம் கண்ட கிருமிகளில் 70 சதவீதத்துக்கு மேல், வழக்கமாகக் குடலில் வாழும் வகைகள்.

வாய் கோணி, கை விழுந்து, மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு நோயாளிக்கு இரண்டாம் வாரம் நிமோனியா வந்தால், புரையேறிவிட்டது என்று கூட இருக்கும் மனைவியோ மகளோ குற்ற உணர்ச்சியில் நொறுங்கிப்போவார்கள். புரையேறுவது உண்மையான ஆபத்துதான். ஆனால் எல்லா நிமோனியாவும் அவர்கள் ஊட்டிய கஞ்சியிலிருந்து வந்ததில்லை. இதை வார்டில் யாராவது அவர்களுக்குச் சொல்லலாம்.

நியூயார்க்கின் வெய்ல் கார்னல் மருத்துவக் கல்லூரியில், அதே வருடம், வேறொரு திசையில் வேலை நடந்தது. ஆன்டிபயாட்டிக்கால் குடல் கிருமிகளை மாற்றிய எலிகளுக்குப் பக்கவாதம் வரவழைத்தபோது மூளையில் சேதம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. காரணம், குடலில் பயிற்சி பெற்ற சில நோய் எதிர்ப்பு செல்கள் மூளையின் உறைக்குப் போய் அழற்சியைக் கிளப்புவது தடைபட்டது. இதைக் கேட்டு யாரும் ஆன்டிபயாட்டிக் விழுங்கக் கூடாது. எலிக்குச் சரிப்பட்ட பக்கவாத மருந்துகள் மனிதரிடம் தோற்ற கதைகள் ஏராளம்.

சீனாவின் குவாங்ஜோ நகரத்து ஆய்வு ஒன்று (2015) இன்னும் குழப்புகிறது. ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்களின் குடல் கிருமிகள் கலைந்துபோய்த்தான் இருந்தன, ஆனால் டி.எம்.ஏ.ஓ. மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். நோய் வந்தபின் எடுத்த ரத்தம் என்பதால் அப்படியா, ஏற்கெனவே மருந்து சாப்பிட்டதால் அப்படியா என்ற வாதம் ஓயவில்லை.

தயிர் குடித்த மேதை

புரோபயாட்டிக் யோசனைக்குத் தந்தை இலியா மெச்னிகாவ். ரஷ்யாவிலிருந்து போய் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர். பெருங்குடலில் அழுகும் பொருள்கள்தான் மனிதனைக் கிழவனாக்குகின்றன, புளித்த பால் அதைத் தடுக்கும் என்று நம்பி, தானும் தினம் புளித்த பால் குடித்தார். பாரிஸில் தயிர் மோகமே கிளம்பியது. 1916-ல், 71 வயதில், அவர் இறந்தது இதய நோயால்.

இதை வைத்துத் தயிரைக் கிண்டல் செய்ய முடியாது. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவவும் முடியாது. நூறு வருடத்துக்குப் பிறகாவது என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்கலாம்.

ரத்த அழுத்தம்: ஒன்பது சோதனைகள், 543 பேர், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2014-ம் வருடக் கணக்கில் புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக மூன்றரை புள்ளி குறைந்தது. கெட்ட கொழுப்பு: கனடா ஆய்வாளர்கள் சோதித்த, லாக்டோபேசில்லஸ் ரியூட்டரியின் ஒரு குறிப்பிட்ட ரகம் ஒன்பது வாரத்தில் அதைச் சுமார் 12 சதவீதம் குறைத்தது. குடலில் பித்த உப்பை அந்தக் கிருமி உடைத்துவிடுவதால், இழப்பை ஈடுகட்ட உடம்பு கொழுப்பை எடுத்துச் செலவழிக்கிறது. வழி புரிகிறது, பலனும் உண்மை. ஆனால் வழக்கமான ஸ்டேடின் மாத்திரை ஒன்று முப்பது முதல் ஐம்பது சதவீதம் குறைக்கும். புரோபயாட்டிக் சாப்பிட்டதால் மாரடைப்போ பக்கவாதமோ குறைந்தது என்று காட்டிய பெரிய மனிதச் சோதனை இன்றுவரை வரவில்லை. கேப்ஸ்யூலை நம்பி ஸ்டேடினையும் ஆஸ்பிரினையும் நிறுத்துகிறவர்தான் இந்தக் கதையில் உண்மையாக ஆபத்தில் இருப்பவர்.

சரியான கிருமி, சரியான ஆள், சரியான நேரம் அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை 2017-ல் வெளியானது. முதல் வாரத்தில் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் ரகம் ஒன்றை அதற்கான உணவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் நச்சுத் தொற்றும் மரணமும் சேர்ந்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாக இறங்கியது. அந்த ரகத்தைத் தேர்ந்தெடுக்கவே வருடக்கணக்கில் வேலை நடந்தது. கடையில் எட்டு ரகத்தைக் கலந்து விற்கும் கேப்ஸ்யூலுக்கு இந்தப் பெருமையை ஒட்டவைக்க முடியாது.

எதிர்ப்பக்கத்துச் சாட்சி நெதர்லாந்திலிருந்து. கணைய அழற்சி முற்றிய 298 நோயாளிகளில் பாதிப் பேருக்கு, தொற்று வராமலிருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு புரோபயாட்டிக் கொடுத்தார்கள். 2008-ல் முடிவு வந்தபோது கொடுத்த பக்கம் 24 பேர் இறந்திருந்தார்கள், கொடுக்காத பக்கம் 9 பேர். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்கும் "இயற்கையானதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று உறவினர் யாரும் கையிலிருந்து ஊட்டிவிடக் கூடாததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் சீட்டிலேயே ஒரு புரோபயாட்டிக்கும் சேர்ந்து வருவது இப்போது வழக்கம். மருந்தால் வரும் வயிற்றுப்போக்கு அதனால் குறையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனம் 2018-ல் வெளியிட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு சும்மா விடப்பட்டவர்களுக்குச் சொந்தக் கிருமிகள் சில வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டன. 11 ரகப் புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு மாதக்கணக்கில் திரும்பவில்லை. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை.

[பெட்டிச் செய்தி]
இட்லியில் உயிர் இருக்கிறதா?
மாவு பொங்குவது லியூகோனாஸ்டாக் உள்ளிட்ட பாக்டீரியாக்களின் வேலை. ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை தாங்குவதில்லை. தட்டில் விழும் இட்லி புளித்த உணவு, செரிப்பதற்கு எளிது. உயிருள்ள கிருமி அதில் இருக்காது. கொதிக்கவிட்ட மோர்க்குழம்புக்கும் இதே கதிதான். ஆறிய சாதத்தில் பிசைந்த தயிரிலும் மோரிலும் பழைய சோற்று நீராகாரத்திலும் உயிர் உண்டு. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல் கிருமிகளுக்குத் தீனியாகிறது. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆய்வே எடுத்திருக்கிறார்கள்.
செத்த கிருமி வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பெல்ஜியத்தில் 2019-ல் வெளியான சிறிய சோதனையில் அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியாவைச் சூடாக்கிக் கொன்று கொடுத்தார்கள். உயிரோடு கொடுத்ததைவிட அதற்குத்தான் பலன் அதிகம். இன்சுலின் வேலை மேம்பட்டது, மொத்தக் கொழுப்பும் கொஞ்சம் இறங்கியது.

ஊறுகாய் பாட்டில் பக்கம்

வாங்கிச் சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு பேச்சு. இருப்பவற்றை நாமே கொல்வதைப் பற்றி அவ்வளவு இல்லை. பெர்லினின் மாக்ஸ் டெல்புரூக் மையம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் ஆறு கிராம் உப்பு, இரண்டு வாரத்துக்கு. பெரும்பாலானவர்களின் குடலிலிருந்து லாக்டோபேசில்லஸ் மறைந்தேவிட்டது. அழற்சியைக் கிளப்பும் ஒருவகை வெள்ளணுக்கள் கூடின, ரத்த அழுத்தமும் ஏறியது. உப்பு அழுத்தத்தை ஏற்றும் வழிகளில் ஒன்று குடல் கிருமி வழியாகவும் போகிறது என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஆறு கிராம் மூட்டையாக வந்து இறங்குவதில்லை. கருவாட்டுத் துண்டு, அப்பளம், மோர் மிளகாய், தயிர் சாதத்தோடு இரண்டு வாய்க்கு ஒரு தரம் தொட்டுக்கொள்ளும் ஆவக்காய் என்று வருகிறது. தயிரில் ஏற்றி ஊறுகாயில் இறக்குகிற சாப்பாடு நம்முடையது.

வாயிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின் பின்பகுதிக் கிருமிகள் மாற்றிக் கொடுத்தால்தான், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடாக உடம்பு அதைப் பயன்படுத்தும். லண்டனில் 19 பேரை வைத்து 2013-ல் ஒரு சோதனை: குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், தினம் இரு வேளை, ஏழு நாள். ரத்த அழுத்தம் இரண்டு முதல் மூன்றரை புள்ளி வரை ஏறியது. மேலே சொன்ன ஒன்பது புரோபயாட்டிக் சோதனைகள் இறக்கிய அளவு ஏறக்குறைய அவ்வளவுதான். பல் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் அந்தப் பாட்டிலைத் தொடர வேண்டாம்.

நார்ச்சத்துதான் குடல் கிருமியின் சாப்பாடு. அதை நொதிக்கவைத்து அவை தரும் சிறு கொழுப்பு அமிலங்கள் குடல் சுவரை இறுக்குகின்றன, அழற்சியை அடக்குகின்றன. 2019-ல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, தினம் 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து உண்பவர்களுக்கு, குறைவாக உண்பவர்களைவிட இதய நோய், பக்கவாதம், மரணம் எல்லாமே 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு. எந்தப் புரோபயாட்டிக்கும் பக்கத்தில் வர முடியாத எண் இது. கொள்ளு, மொச்சை, கம்பு, அவரைக்காய் விற்கும் எவரும் இதை அட்டையில் அச்சடித்து விளம்பரம் செய்யப்போவதில்லை.

மாத்திரையைத் தின்னும் கிருமி

இதய நோயாளிகளுக்குக் குடல் கிருமி நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் இடம் ஒன்று உண்டு. அதை வாட்ஸ்அப்பில் பார்த்ததில்லை. டைகாக்சின் பழைய மருந்து, மலிவானது. இதயம் பலவீனமானவர்களுக்கும், வாத ஜுரத்தால் வால்வு கெட்டுத் துடிப்பு தாறுமாறானவர்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் இன்றும் எழுதப்படுகிறது. சிலருக்கு அது சரியாக ஏறுவதே இல்லை. சுமார் பத்தில் ஒருவருக்கு அந்த மருந்தில் கணிசமான பகுதியைக் குடல் கிருமியே செயலிழக்கச் செய்துவிடுகிறது என்பது 1980-களின் ஆரம்பத்திலேயே தெரியும். வேலையைச் செய்வது எக்கர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா. அதன் எந்த மரபணுக்கள் மருந்தைக் கண்டதும் விழித்துக்கொள்கின்றன என்பதை 2013-ல் ஆய்வாளர் பீட்டர் டர்ன்பாவின் குழு கண்டுபிடித்தது.

அப்படிப்பட்ட ஒருவருக்கு டாக்டர் பார்த்துப் பார்த்து டோஸை ஏற்றி நிறுத்தியிருப்பார். ஒரு நாள் தொண்டை வலி என்று தெருமுனைக் கடையில் எரித்ரோமைசின் வாங்கிப் போடுகிறார். மருந்தைத் தின்றுகொண்டிருந்த கிருமி செத்துவிடுகிறது. மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் டைகாக்சின் இரண்டு மடங்கு வரை ஏறலாம். இந்த மருந்துக்கு, போதும் என்ற அளவுக்கும் நஞ்சு என்ற அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பசி போய்விடும், குமட்டும், பார்க்கும் பொருளில் மஞ்சள் படரும், துடிப்பு தடம் புரளும். வீட்டில் யாராவது டைகாக்சின் சாப்பிட்டால், சளிக்கோ வயிற்றுக்கோ ஆன்டிபயாட்டிக் எழுதுகிற டாக்டரிடம் அந்த அட்டையை முதலில் எடுத்துக் காட்டுங்கள்.